கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீல்: விவாகரத்து, குழந்தை, ஜீவனாம்சம்... இலவச சட்ட உதவியை எப்படிப் பெறுவது?

"ஒத்து வரல, பிரிஞ்சிடலாம்" என்று ஒரு தம்பதி முடிவெடுத்த பிறகு முதலில் போகும் இடம் எது? பெரும்பாலும் நீதிமன்றம் இல்லை. மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்காரும் வீட்டுக்கூடம். இல்லாவிட்டால் அனைத்து மகளிர் காவல் நிலையம். அங்கே பேச்சுவார்த்தை முடிந்ததும் வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ சில வரிகள் எழுதப்படும். "நகையைத் திருப்பிக் கொடுத்தாச்சு, குழந்தை அம்மாகிட்ட இருக்கும், இனிமே ஒருத்தர் மேல ஒருத்தருக்கு எந்தப் பாத்தியதையும் இல்ல." இரண்டு பக்கமும் கையெழுத்து. வக்கீல் என்ற ஆள் வருவது அதற்குப் பல மாதங்கள் கழித்து, அந்தத் தாளால் சிக்கல் முளைத்த பிறகுதான்.

இந்த வரிசை தலைகீழானது. குடும்ப வழக்குகளில் ஒருவரின் பணம், வீடு, குழந்தையுடனான உறவு ஆகியவற்றை முதல் சில வாரங்களில் போடும் கையெழுத்துகளே பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன. அந்த வாரங்களில் ஆலோசனை கேட்க வக்கீல் ஃபீஸ் இல்லையே என்று தயங்குபவர்களில் பாதிப் பேருக்கு மேல், அதாவது எல்லாப் பெண்களுக்கும், அரசுச் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கு அது தெரியவில்லை என்பதுதான் பிரச்னை.

அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

இந்து திருமணச் சட்டப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்பால்தான் கலைக்க முடியும். சில சமூகங்களில் 'அத்துவிடுறது' என்ற வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட வழக்காற்றைச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பதும் உண்மை. ஆனால், அந்த வழக்கம் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்து வருகிறது என்பதை, அதைச் சொல்பவர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் பத்திரம் வெறும் தாள்தான். அதை நம்பி இரண்டாவது திருமணம் செய்தால் அது செல்லாது. இருதார மணக் குற்றச்சாட்டும் வரலாம்.

1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் செல்லுபடியாகும் சுயமரியாதைத் திருமணங்களுக்கும் இதே விதிதான். ஐயர் இல்லாமல், மாலை மாற்றி நடந்த கல்யாணம் என்பதற்காகப் பேசி முடித்துக்கொள்ள முடியாது.

முஸ்லிம் பெண்கள் 'குலா' முறையில் பிரியும் விஷயத்திலும் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தெளிவாகச் சொன்னது: குலா கேட்பது பெண்ணின் உரிமை, ஆனால், ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்பு தரும் சான்றிதழ் திருமணத்தைக் கலைக்காது, குடும்ப நல நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும்.

காவல் நிலையம்? 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியதிலிருந்து, அடி உதைக்கு ஆளான பெண்கள் தயங்காமல் போகும் இடமாக அது இருக்கிறது. கொடுமை நடந்திருந்தால் புகார் கொடுக்க வேண்டிய இடமும் அதுவே. ஆனால், விவாகரத்து கொடுக்கவோ, குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவோ, ஜீவனாம்சம் நிர்ணயிக்கவோ காவல் துறைக்கு அதிகாரம் இல்லை. ஸ்டேஷனில் "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றால், எழுதும் முன் ஒரு வக்கீலிடம் காட்ட நேரம் கேட்பது தவறே அல்ல.

யாருக்கெல்லாம் இலவச வக்கீல்?

"இலவச சட்ட உதவி என்பது ரொம்ப ஏழைகளுக்கு" என்பது பரவலான எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இந்த உரிமையைத் தருகிறது. ஐ.டி. கம்பெனியில் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் ஆண், பெண் வேறுபாடின்றி உரிமை உண்டு.

மற்ற ஆண்களுக்கு மாநில அரசு வைத்திருக்கும் ஆண்டு வருமான வரம்பு பொருந்தும். வரம்புக்குள் வருகிறோம் என்பதற்குப் பிரமாணப் பத்திரமே போதுமானதாக ஏற்கப்படலாம். வேலை இழந்தவர், சொற்பச் சம்பளத்தில் இருப்பவர், மனைவி தொடர்ந்த வழக்கில் பதில் சொல்ல வக்கீல் வைக்க முடியாதவர் எல்லாம் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

உதவி என்றால் வெறும் அறிவுரை இல்லை. வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு, சம்மன் அனுப்பும் செலவு, தீர்ப்பு நகல், தேவைப்பட்டால் ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு வரை இதில் அடங்கும். மேல்முறையீட்டுக்கும் உண்டு.

எங்கே போவது?

மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வட்ட அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு. உயர் நீதிமன்ற வழக்குகளுக்கு சென்னையிலும் மதுரைக் கிளையிலும் தனிக் குழுக்கள். மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. செயலாளரும் ஒரு நீதிபதியே. அதனால் இது ஏதோ தொண்டு நிறுவனத்தின் தயவு என்று நினைக்கத் தேவையில்லை.

நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இணையதளம், செயலி வழியாகவும் விண்ணப்பிக்கலாம். நேரில் என்றால் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்; எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் பதிந்துகொள்ள வேண்டும். ஆதார், திருமணப் பதிவுச் சான்று அல்லது அழைப்பிதழும் புகைப்படமும், குழந்தையின் பிறப்புச் சான்று, ஏற்கெனவே நோட்டீஸ் வந்திருந்தால் அதன் நகல், இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

நியமிக்கப்படும் வக்கீல் பணம் கேட்கக் கூடாது. கேட்டாலோ, வாய்தாவுக்கு வராமல் இழுத்தடித்தாலோ ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்துபூர்வமாகப் புகார் தந்து வேறு வக்கீல் கேட்கலாம். 'ஓசி வக்கீல்தானே' என்று பொறுத்துப்போக வேண்டியதில்லை.

சொந்த வக்கீல் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்கை மொபைலிலேயே கண்காணிக்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி, அன்று நடந்தது என்ன என்பதெல்லாம் தெரியும். "வக்கீல் எதையும் சொல்ல மாட்டேங்கிறார்" என்ற புலம்பலில் பாதி இதிலேயே தீரும்.

கல்யாணம் மதுரையில், வேலை பெங்களூரில்: வழக்கு எந்த ஊரில்?

திருமணம் நடந்த ஊர், எதிர்தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய மூன்றில் எதிலும் விவாகரத்து மனு போடலாம். மனுப் போடுபவர் மனைவி என்றால், 2003 திருத்தத்துக்குப் பிறகு, அவர் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். பெங்களூரிலிருந்து கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பிய பெண், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏற வேண்டியதில்லை.

கணவர் முந்திக்கொண்டு வேறு மாநிலத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதை மாற்றக் கோரி உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். மாநிலத்துக்குள்ளேயே என்றால் உயர் நீதிமன்றம்.

குழந்தையின் பொறுப்பு கேட்டுத் தனியாக மனுப் போடுவதானால் கணக்கு வேறு: குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் எதுவோ, அந்த ஊர் நீதிமன்றம். குழந்தையை அவசரமாக வேறு ஊருக்குக் கொண்டுபோவது பிற்பாடு பெரிய வாக்குவாதமாக மாறுவது இதனால்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லி, ஒரு தரப்பு மட்டும் வாங்கிய அந்நிய நாட்டு விவாகரத்துத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே கூறிவிட்டது. "அமெரிக்காவுல டைவர்ஸ் ஆயிடுச்சு" என்பது இங்கே முழுப் பதில் ஆகாது.

இருவரும் சம்மதித்தால்...

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 28-வது பிரிவு ஆகியவற்றில் நிபந்தனை ஒன்றே: குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். வாடகை, இ.எம்.ஐ. காரணமாக ஒரே ஃபிளாட்டில் இருந்தாலும், கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிந்து வாழ்வதாகவே கருதப்படும். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் இந்தக் காலம் இரண்டு ஆண்டுகள் என்று எழுதப்பட்டிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் அதை ஓராண்டாகக் குறைத்தது.

மனுப் போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. இது கட்டாயம் இல்லை, எல்லா விஷயங்களையும் தீர்த்துக்கொண்ட தம்பதிக்கு நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. அதனால் "ஆறு மாசம் கண்டிப்பா வெயிட் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை.

இங்கேதான் பணம் பற்றிய கவனம் தேவை. இரண்டாவது முறை நீதிபதி முன் சம்மதம் சொல்லும் வரை எந்தத் தரப்பும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எனவே முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிட்டு அலைவது, அல்லது "தீர்ப்பு வந்ததும் தர்றேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடுவது, இரண்டுமே ஆபத்து. ஒரு பகுதி மனுத் தாக்கலின்போது, மீதி இறுதி வாக்குமூலத்தன்று டிராஃப்டாக நீதிமன்றத்திலேயே என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வக்கீல்கள் வழக்கமாகச் சொல்லும் வழி.

ஒருவர் மட்டும் கேட்டால் காரணத்தை நிரூபிக்க வேண்டும்: கொடுமை, இரண்டாண்டு கைவிடல், திருமணத்தை மீறிய உறவு, மதமாற்றம் போன்றவை. "மனசு ஒத்துப்போகல" என்பது இந்து திருமணச் சட்டத்தில் தனிக் காரணம் இல்லை. மீளமுடியாமல் முறிந்த திருமணத்தைக் கலைக்கும் சிறப்பு அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் 142-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. குடும்ப நல நீதிமன்றம் அதைச் செய்ய முடியாது.

ஜீவனாம்சம்: விவாகரத்து வரை காத்திருக்க வேண்டாம்

ஜீவனாம்சம் என்பது விவாகரத்து ஆன பிறகு கிடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். விவாகரத்தே கேட்காமல், பிரிந்திருக்கும் நிலையிலேயே கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. மதம் எதுவானாலும் மனைவி, குழந்தைகளுக்கு இது பொருந்தும். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மீண்டும் சொல்லியிருக்கிறது.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். வருமானமில்லாத கணவரும் இந்தப் பிரிவில் கேட்க முடியும். இரண்டு சட்டத்திலும் இடைக்கால மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்றே இருக்கிறது.

"எவ்ளோ கிடைக்கும்?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சம்பளத்தில் 25 சதவீதம் என்ற எண் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நியாயம் என்று கருதிய அளவு அது. சட்டத்தில் அப்படி ஒரு சூத்திரம் கிடையாது. இருவரின் வருமானம், கடன், வாழ்க்கைத் தரம், குழந்தைகளின் படிப்பு, வயது, உடல்நிலை எல்லாவற்றையும் பார்த்துத்தான் தொகை முடிவாகும். மனைவி வேலைக்குப் போகிறார் என்பது மட்டும் மறுப்பதற்குக் காரணமாகாது. "வேலையை விட்டுட்டேன், கையில காசில்ல" என்ற பதிலும் எடுபடாது. உடல் வலுவுள்ளவர் உழைத்தாவது மனைவி, குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இதில் பெரிய ஆயுதம், 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு. ஜீவனாம்சம் கேட்கும் எல்லா வழக்குகளிலும் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு பற்றிய பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். எதிர்தரப்புக்கு நான்கு வாரம் அவகாசம். பொய் சொன்னால் நடவடிக்கை உண்டு. தொகை, தீர்ப்பு நாளிலிருந்து இல்லாமல், மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும். அதாவது, மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத் தொகை போகிறது.

ஆணை வந்தும் பணம் வரவில்லை என்றால்? வாரன்ட் பிறப்பிக்கலாம்; அதன் பிறகும் பாக்கி நின்றால், நிலுவையில் உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். ஆனால், இந்த 144-வது பிரிவு வழியில் வசூலிக்க, பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். "அடுத்த மாசம் தந்துடுவார்" என்று இரண்டு வருடம் காத்திருந்தவர்கள் பழைய பாக்கிக்கு இந்த வழியை இழந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. "எனக்கோ குழந்தைக்கோ எதுவும் வேண்டாம்" என்று கோபத்தில் எழுதிக் கொடுக்கும் அம்மாக்கள் உண்டு. குழந்தையின் பராமரிப்பு உரிமை குழந்தையுடையது. அதை அம்மா விட்டுக்கொடுத்துவிட முடியாது.

குழந்தை யாரிடம்?

"அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட, அப்புறம் அப்பாகிட்ட" என்பது ஊரே சொல்லும் விதி. 1956-ம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம் சொல்வது முதல் பாதியை மட்டுமே: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். அதன் பிறகு தானாகத் தந்தைக்குப் போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எந்த வயதிலும் அளவுகோல் ஒன்றே, குழந்தையின் நலன். விவரம் தெரிந்த வயதில் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

நீதிமன்றம் பார்ப்பது அன்றாட விஷயங்களை. யார் பள்ளிக்குக் கொண்டுவிடுகிறார், காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுக்கிறார், தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறார்களா, பள்ளி மாற வேண்டியிருக்குமா. பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டு போன்ற சாதாரணத் தாள்களை எடுத்து வைத்திருப்பவருக்கு வழக்கில் பேச விஷயம் இருக்கும். அதிகச் சம்பளம் வாங்குபவருக்கே குழந்தை என்பதும் தவறு. சம்பளம் குறைந்தவரிடம் குழந்தை இருந்தால் மற்றவர் பராமரிப்புத் தொகை தர வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தையுடன் இல்லாதவருக்கும் பார்க்கும் உரிமை உண்டு. எந்தக் கிழமை, எத்தனை மணி, பள்ளி விடுமுறையில் எத்தனை நாள், பிறந்தநாளில் யாரோடு என்று மனுவில் துல்லியமாகக் கேட்பது நல்லது. வேறு ஊரிலோ நாட்டிலோ இருப்பவர் வீடியோ காலில் பேச ஏற்பாடு கேட்கலாம். இதை உச்ச நீதிமன்றம் 2020-ல் வலியுறுத்தியிருக்கிறது. ஜீவனாம்சம் தரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்ட மறுப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டு தரப்பும் செய்யும் தவறு. சட்டத்தில் இரண்டும் தனித்தனி. நடுவில் மாட்டிக்கொள்வது குழந்தை.

குழந்தை பற்றிய ஆணை கல்வெட்டு இல்லை. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், தகுந்த சந்தர்ப்பங்களில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போட முடியும்.

அடி உதை இருந்தால் முதல் படி வேறு

வன்முறை இருக்கும் வீட்டில் விவாகரத்துப் பேச்சு இரண்டாம்பட்சம். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மாஜிஸ்திரேட்டிடம் ஒரே மனுவில் பாதுகாப்பு, வீட்டில் தங்கும் உரிமை, பணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு எல்லாம் கேட்கலாம். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் இருக்க வேண்டும். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதாலேயே மருமகளை வெளியே அனுப்பிவிட முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மாவட்டம்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. மனுத் தயாரிக்க அவர் உதவ வேண்டும். பெண்களுக்கான 181 எண்ணில் எந்நேரமும் பேசலாம். சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்கல், மருத்துவம், சட்ட ஆலோசனை கிடைக்கும். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

மொபைலில் இருக்கும் ஆதாரம்

சண்டைக்குப் பிறகு பலர் முதலில் செய்வது சாட்டை அழிப்பது. செய்யக் கூடாதது அதுதான். தம்பதியர் இடையிலான தொலைபேசிப் பேச்சை ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும், அதைத் திருமண வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. இது துணையின் போனை ஹேக் செய்யவோ, உளவுச் செயலி போடவோ தரப்பட்ட அனுமதி இல்லை. மின்னணு ஆதாரத்துடன் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவை. வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. மூல போனைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சமரசம் நல்லது, வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டால்

குடும்ப நல நீதிமன்றம் முதலில் சேர்த்துவைக்க முயல வேண்டும் என்பது 1984-ம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. வழக்கு கவுன்சலிங்குக்கும் சமரச மையத்துக்கும் போவது அதனால்தான். நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005-ல் தொடங்கியதே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். அங்கே பேசுவது ரகசியம்; நீதிபதியிடம் போகாது. சேர்ந்து வாழ முடியாவிட்டாலும், கசப்பில்லாமல் பிரிய அது நல்ல இடம்.

ஜீவனாம்சம் போன்ற விஷயங்கள் லோக் அதாலத்திலும் முடிகின்றன. செலவில்லை, வேகம் அதிகம். ஆனால், அங்கே ஒப்புக்கொண்ட முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. "இன்னிக்கே முடிச்சிடலாம்மா" என்ற அவசரத்தில், தொகையையும் தேதியையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடும் இடமாக அது ஆகிவிடக் கூடாது.

அரசும் நீதித்துறையும் செய்ய வேண்டியவை

சட்டம் எழுத்தில் தாராளமாக இருக்கிறது. நடைமுறையில் அது சென்றுசேரும் இடம் தவறு. சட்ட உதவி அலுவலகம் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. உதவி தேவைப்படும் ஆள் நிற்பது காவல் நிலைய வாசலில். இந்த இடைவெளியை மூட புதிய சட்டம் வேண்டாம். ஒவ்வொரு அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் 15100 எண்ணும், "பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை" என்ற வரியும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். குடும்பப் பிரச்னைக்கான மனு விசாரணை நாட்களில் சட்ட உதவி வக்கீல் ஒருவர் அங்கே உட்கார வேண்டும். அவர் வாசித்துக் காட்டாமல் எந்த ஒப்பந்தமும் எழுதி வாங்கப்படக் கூடாது.

சட்ட உதவி வக்கீல்களுக்குத் தரப்படும் கட்டணம் சந்தை நிலவரத்தோடு ஒப்பிட்டால் குறைவு. குறைந்த கூலி கொடுத்துவிட்டு முழு உழைப்பை எதிர்பார்க்க முடியாது. 'இலவச வக்கீல் சரியில்லை' என்ற பெயர் மாற வேண்டுமானால் அந்தக் கட்டணம் உயர வேண்டும். சொத்துப் பிரமாணப் பத்திரம் தராத தரப்புக்கு வாய்தா மேல் வாய்தா கொடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். உச்ச நீதிமன்றம் நான்கு வாரம் என்று சொன்ன பிறகும் அது மாதக்கணக்கில் இழுபட்டால், பசியோடு காத்திருப்பது மனுதாரர் மட்டுமில்லை, அவரது குழந்தையும்தான். பெற்றோரைக் குழந்தை சந்திக்கும் இடமும் கோர்ட் வராந்தாவாக இருக்கக் கூடாது. நூலகம், பூங்கா போன்ற இடங்களை நீதிமன்றங்கள் அதிகம் பயன்படுத்தலாம்.

பிரிவது ஒரு தம்பதியின் சொந்த முடிவு. அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை. ஆனால், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து பிரிய அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தத் தாள் மேஜைக்கு வரும் முன்பே 15100-க்கு ஒரு அழைப்பு போய்விட்டால், பிற்பாடு கோர்ட் வாசலில் கழியும் பல வருடங்கள் மிச்சம்.